பிறவி இதய நோயுள்ளவர்களுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி: வீடியோ அழைப்பில் நடத்தும் 12 வாரத் திட்டம், படிப்படியாக

மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்தில் நீங்கள் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பார். உதட்டின் நிறம் மாறுகிறதா, மூச்சு எப்படிப் போகிறது, நெற்றியில் வேர்வை எப்போது துளிர்க்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டில் அந்த ஆள் கிடையாது. போன் திரையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் முகத்தை வைத்துத்தான் பிசியோதெரபிஸ்ட் எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும்.

அந்த ஆள் பார்க்கும் வேலையை வீட்டில் யார் பார்ப்பது, எதை வைத்துப் பார்ப்பது? கீழே வரும் படிகள் எல்லாம் இதைப் பற்றியவைதான். சென்னையிலோ வேலூரிலோ ஆபரேஷன் முடித்து ஊர் திரும்பிய பலரோடு பிசியோதெரபிஸ்டாக வீடியோ அழைப்பில் வேலை செய்திருக்கிறேன். தடுமாறியவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் 4 படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. யார் தொடங்கலாம், யார் காத்திருக்க வேண்டும்

இந்தத் திட்டம் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தவர்கள், டெட்ராலஜி ஆஃப் ஃபாலட் எனப்படும், நான்கு கோளாறுகள் சேர்ந்து வரும் நோயைச் சரிசெய்தவர்கள், கோஆர்க்டேஷன் எனப்படும் மகாதமனிச் சுருக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்கள், கெட்ட இரத்தத்தை இதய அறை வழியாக இல்லாமல் நேரே நுரையீரலுக்குத் திருப்பும் ஃபான்டன் ஆபரேஷன் ஆனவர்கள் ஆகியோர் தொடங்கலாம். ஆனால் இதய டாக்டர் அண்மையில் பார்த்து, சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

நெஞ்செலும்பைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் 3 மாதம் பொறுங்கள். எலும்பு கூடுவதற்கே 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் கையை ஊன்றி எழுவதும் கனம் தூக்குவதும் தையலுக்குள் இருக்கும் எலும்பை அசைத்துவிடும். அதுவரை டிஸ்சார்ஜின்போது சொன்ன நடையும் மூச்சுப் பயிற்சியும் போதும்.

உடலை வருத்தும்போது மயங்கி விழுந்தவர்கள், துடிப்புக் கோளாறு இன்னும் கட்டுக்குள் வராதவர்கள், மகாதமனி வால்வு கடுமையாகக் குறுகியிருப்பவர்கள், ஐசன்மெங்கர் (அடைக்காத ஓட்டையால் நுரையீரல் அழுத்தம் ஏறி, இரத்தம் எதிர்த்திசையில் ஓடும் நிலை) உட்பட நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள், இவர்கள் எல்லாம் வீட்டில் தொடங்கவே கூடாது. முதலில் மருத்துவமனையில் நேரடிக் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தனித் திட்டம் வேண்டும்.

இன்னொன்று: விளையாடும்போது நடுவில் போய்க் குந்திக்கொள்ளும் பழக்கம் குழந்தைக்கு இருந்தால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் ஆகாத டெட்ராலஜிக் குழந்தைகள் இப்படிக் குந்தித்தான் நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு முதலில் தேவை இதய டாக்டர். பயிற்சி அப்புறம்.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

“சின்ன வயசுல ஓட்டை அடைச்சாங்க” என்பதுதான் பெரும்பாலோருக்குத் தங்கள் ஆபரேஷனைப் பற்றித் தெரிந்தது. இது போதாது. எந்த ஓட்டை, எந்த ஆபரேஷன், இப்போது எது மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்து முழுத் திட்டமும் மாறும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த எக்கோ, இ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட் எடுத்திருந்தால் அதன் அறிக்கை, இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சம்மரி தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேளுங்கள். பழைய ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண், இருந்தால் தேடுவது எளிது. முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்திருந்தால், அப்போது கொடுத்த தாள்களில் அந்த நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இ.சி.ஜி. தாளை லேமினேட் செய்யாதீர்கள். அது பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் தாள். லேமினேட் மெஷினுக்குள் போய் வெளியே வந்தால் முழுக்கக் கறுப்பாக இருக்கும். பத்திரப்படுத்துகிறேன் என்று ஒரு அப்பா செய்த வேலையால், 6 வருட இ.சி.ஜி.க்களும் கரிக்கட்டையாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். சும்மா வைத்திருந்தாலும் அந்த எழுத்து நாளாக ஆக மங்கிவிடும்.

அடுத்து, டாக்டரிடம் “எக்சர்சைஸ் பண்ணலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “லேசா பண்ணுங்க” என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு யாராலும் திட்டம் போட முடியாது. 5 விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இதய அறைகள் எந்த அளவுக்குச் சுருங்கி விரிகின்றன, நுரையீரல் குழாயின் அழுத்தம் எவ்வளவு, மகாதமனி வீங்கியிருக்கிறதா, துடிப்பில் கோளாறு உண்டா, உட்கார்ந்திருக்கும்போதும் உடலை வருத்தும்போதும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு. ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டுதல்களும் இந்த ஐந்தை வைத்துத்தான் எவ்வளவு பயிற்சி என்று முடிவு செய்கின்றன.

கூடவே 3 எண்களும் வேண்டும்: ஆக்சிஜன் எதற்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும், நாடித்துடிப்பு எதைத் தாண்டக் கூடாது, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம். நெஞ்சுக்குள் ஷாக் கொடுக்கும் கருவி வைத்திருப்பவர்கள், அது எத்தனை துடிப்பில் விழித்துக்கொள்ளும் என்பதையும் கேளுங்கள். பயிற்சியின்போது துடிப்பு அந்த எண்ணுக்கு 10 முதல் 20 வரை கீழேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் வேகமாக நடந்ததற்கே ஷாக் அடித்துவிடும்.

டிரெட்மில் டெஸ்டுக்குப் போகும் நாளில், டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே போங்கள். மெட்டோபுரோலால், புரோப்ரனலால் போன்றவை துடிப்பைக் குறைப்பவை. மாத்திரை இல்லாமல் எடுத்த டெஸ்டில் கிடைத்த எண், மாத்திரை போட்டுக்கொண்டு செய்யும் பயிற்சிக்குப் பொருந்தாது.

3. அறையையும் ஆளையும் தயார் செய்யுங்கள்

நாற்காலி மரத்திலோ இரும்பிலோ இருக்கட்டும். உயரம் சுமார் 46 செ.மீ., அதாவது உட்கார்ந்தால் தொடை தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். முதுகுப் பக்கம் சுவரில் முட்டியபடி போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பத்தாவது முறை உட்காரும்போது கால் பரப்பிக்கொண்டு வழுக்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், மேல்கையில் சுற்றும் பி.பி. மெஷின், எடை பார்க்கும் மெஷின், பின்பக்கம் பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ, ஃபேன். இவ்வளவுதான் சாமான். டம்ப்பெல் வாங்க வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ. ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ.

போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், சாய்ந்து விழாதபடி வையுங்கள். தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் நிழலுருவமாகத்தான் தெரியும். ஆரம்பத்தில் நானே பட்ட பாடு ஒன்று: மொட்டை மாடியில் பயிற்சி செய்த ஒரு பையனின் உதடும் முகமும் திடீரென்று நீலமாகத் தெரிந்தன. உட்காரச் சொல்லி, ஆக்சிஜன் பார்க்கச் சொல்லி, அவன் அம்மாவைக் கலங்க வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது: மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து முதல் அழைப்பிலேயே, பயிற்சி செய்யும் இடத்தில் நின்று ஒரு வெள்ளைத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்கிறேன். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறத்தை நம்பலாம். உதட்டில் லிப்ஸ்டிக்கும், விரல்களில் நெயில் பாலிஷும் அடர்ந்த மருதாணியும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆள். பயிற்சி நேரத்தில் வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், தனிப் போனோடு இருந்தால் போதும். தனிப் போன் ஏன் என்றால், வீடியோ ஓடிக்கொண்டிருக்கும் போனிலிருந்து 108-ஐ அழைக்கும்போது, நிலைமையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆளின் இணைப்பு அறுந்துவிடும். அந்தப் பெரியவர் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றிருக்க வேண்டும்: நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தலையணையில் செய்து பழகுவது மேல்.

கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் வெட்கப்பட்டு உள்ளே பூட்டிக்கொள்கிறார்கள். திரைச்சீலை போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

4. மூன்று நாள் வெறும் அளவு மட்டும்

பயிற்சி தொடங்கும் முன் 3 நாள், ஒரே நேரத்தில், 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு ஆக்சிஜன், நாடி, பி.பி., எடை ஆகிய நான்கையும் எழுதுங்கள். உங்கள் இயல்பு நிலை தெரியாமல், பிறகு வரும் எந்த எண்ணும் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

எந்தக் கையில் பார்ப்பது என்பது பிறவி இதய நோயில் முக்கியமான கேள்வி. பழைய முறை ஷன்ட் ஆபரேஷனில் ஒரு கைக்குப் போகும் இரத்தக்குழாயையே நுரையீரலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். அந்தக் கையில் பி.பி. குறைவாகக் காட்டும், நாடி மெலிதாக இருக்கும், ஆக்சிமீட்டரும் தடுமாறும். மகாதமனிச் சுருக்கத்துக்கு இடது கைக் குழாயை வைத்து ஒட்டுப்போட்டவர்களுக்கு வலது கையில்தான் பி.பி. பார்க்க வேண்டும். இடது கையில் பார்த்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், உயர்ந்த பி.பி. மறைந்தே இருக்கும். டாக்டரிடம் எந்தக் கை என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆக்சிமீட்டரை மாட்டியதும் முதலில் வரும் எண்ணைப் படிக்காதீர்கள். கையை உரசிச் சூடாக்கி, நெஞ்சுயரத்தில் ஆடாமல் வைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை அரை நிமிடம் பொறுங்கள். அப்புறம் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணிப் பாருங்கள். மெஷின் நாடி 78 என்கிறது, விரலுக்கு 110 கிடைக்கிறது என்றால், அது காட்டும் ஆக்சிஜன் அளவையும் நம்ப முடியாது.

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கற்ற “95-க்குக் கீழே போனால் ஆபத்து” என்ற கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். ஃபான்டன் ஆனவர்களில் சிலருக்கு 90-ஐ ஒட்டிய எண்ணே அன்றாட நிலை. இன்னொருவருக்கு 98-தான் இயல்பு. அவருக்கு 92 வந்தால் கவலைப்பட வேண்டும். உங்கள் எண்ணிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள், வீடியோவில் பிசியோதெரபிஸ்ட் இருக்கும்போது, ஒரு நிமிட எழுந்து-உட்காரும் சோதனை. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து முழுதாக உட்காருவது ஒரு எண்ணிக்கை. உங்கள் வேகத்தில் செய்யுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எண்ணிக்கையோடு, முடிந்த உடனே ஆக்சிஜனும் நாடியும், பிறகு எத்தனை நிமிடத்தில் அவை பழைய இடத்துக்குத் திரும்பின என்பதும் வேண்டும். ஆக்சிஜன் எண் விரலுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பதால், முடிந்த பின்னும் 2 நிமிடம் விரலை எடுக்காதீர்கள். மருத்துவமனையில் செய்யும் 6 நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நேரான தாழ்வாரம் வேண்டும். அது நம் வீடுகளில் எங்கே இருக்கிறது? வாசலில் திரும்பித் திரும்பி நடந்து எடுத்த எண்ணை மருத்துவமனை எண்ணோடு ஒப்பிட முடியாது.

5. எவ்வளவு வேகம்? மூச்சைக் கேளுங்கள், கடிகாரத்தை அப்புறம் பாருங்கள்

220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று நாடித்துடிப்புக்கு இலக்கு வைக்கும் கணக்கு இங்கே உதவாது. பிறவி இதய நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்கு, குறிப்பாக ஃபான்டன் ஆனவர்களுக்கு, எவ்வளவு முயன்றாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. மாத்திரையும் ஏற விடாது. எட்டாத இலக்கைத் துரத்தினால் அளவுக்கு மீறிப் போய்விடுவார்கள்.

ஸ்மார்ட் வாட்ச்சும் ஏமாற்றும். நின்ற இடத்தில் கால் தூக்கும்போது, நாடிக்குப் பதிலாகக் காலடித் தாளத்தையே துடிப்பாகக் காட்டிவிடும் நேரம் உண்டு.

நான் பயன்படுத்துவது இரண்டு. ஒன்று, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நீங்களே எண்ணில் சொல்லும் போர்க் அளவுகோல். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது; 20 என்றால் இனி ஒரு அடிகூட முடியாது. முதல் 4 வாரம் 11-இலிருந்து 12 வரை, அதாவது “செய்கிறேன் என்று தெரிகிறது, ஆனால் கஷ்டம் இல்லை”. அதன் பிறகு, டாக்டர் சம்மதித்தால் 13, “கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் இன்னும் தொடரலாம்”. 14-ஐத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, விலாசச் சோதனை. நடந்துகொண்டே உங்கள் வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை சத்தமாகச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் இயல்பாக மூச்செடுத்துச் சொல்லி முடித்தால் சரியான வேகம். பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். தெருப் பெயர் வருவதற்குள் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். இது ஏன் தேவை என்றால், 15, 16 வயதுப் பிள்ளைகள் போர்க் எண்ணைக் கேட்டால் எப்போதும் 11 என்பார்கள். பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டே வளர்ந்தவர்கள். முடியவில்லை என்று சொன்னால் மறுபடி உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். விலாசத்தில் பொய் சொல்ல முடியாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பல பேஸ்மேக்கர்கள் உடல் அசைவை உணர்ந்துதான் துடிப்பைக் கூட்டுகின்றன. நடக்கும்போது மேலுடல் அசையும், துடிப்பும் ஏறும். உடற்பயிற்சி சைக்கிளில் மேலுடல் ஆடாமல் மிதித்தால் கருவிக்கு நீங்கள் உழைப்பதே தெரியாது. ஆகவே சைக்கிளைவிட நடையே அவர்களுக்கு நல்லது.

6. ஒரு நாள் பயிற்சி: இந்த வரிசையில்

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆக்சிஜன், நாடி, பி.பி. எண்கள் வழக்கத்தைவிட மாறியிருந்தால் அன்று பயிற்சி கிடையாது, செய்தி மட்டும் அனுப்புங்கள்.

அடுத்த 7 முதல் 10 நிமிடம் உடலைச் சூடேற்ற: மெதுநடை, தோள் சுழற்றல், உட்கார்ந்தபடி முட்டியை நீட்டி மடக்கல். திடீரென்று வேகமெடுத்தால் துடிப்புக் கோளாறு தலைகாட்ட வாய்ப்பு அதிகம். பழகியவர்கள் முதலில் கைவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

அப்புறம் நடை. ஹாலிலோ மொட்டை மாடியிலோ நின்ற இடத்திலோ, 5-ஆம் படியில் சொன்ன வேகத்தில்.

நடைக்குப் பின் தசைப் பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், பாட்டிலை முழங்கை மடக்கித் தூக்குதல். ஒவ்வொன்றும் 10 முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. ஃபான்டன் ஆனவர்கள் குதிகால் உயர்த்துவதை ஒருபோதும் விடாதீர்கள். உங்கள் உடலில் கெட்ட இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ள இதய அறை எதுவும் இல்லை. கெண்டைக்கால் தசை பிழிவதும், மூச்சு உள்ளே இழுப்பதும்தான் அதை மேலே கொண்டுபோகின்றன. மற்றவர்களுக்குக் கெண்டைக்கால் வெறும் கால். உங்களுக்கு அது பாதிப் பம்பு.

எந்தப் பயிற்சியிலும் தம் கட்டக் கூடாது. தம் கட்டி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைபடும். மகாதமனி வீங்கியவர்களுக்குப் பி.பி. குபீரென்று உயர்வதும் ஆபத்து. “மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை; கேட்பவர் அதையே யோசித்துத் தப்பாக மூச்சு விடுவார். சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என்று வாய் விட்டு எண்ணிக்கொண்டே தம் கட்ட யாராலும் முடியாது.

யோகா செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மெதுவான ஆசனங்கள் சரி. மூச்சை அடக்கும் கும்பகம், தலைகீழ் ஆசனங்கள், வேகமாக வயிற்றை அடிக்கும் கபாலபாதி ஆகியவற்றை டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கடைசியாக, ஆறவிடுதல். 5 முதல் 10 நிமிடம் மெதுநடை. சட்டென்று நின்றுவிட்டால் இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். அதன் பிறகு உட்கார்ந்து 10 நிமிடம் கழித்து அளவு பாருங்கள். அதுவரை வீடியோவைத் துண்டிக்காதீர்கள். நான் பார்த்த மயக்கங்கள் பயிற்சியின் நடுவில் வந்ததைவிட, முடிந்தது என்று சொல்லித் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் வந்தவையே அதிகம்.

7. வாரா வாரம் கூட்டும் கணக்கு

முதல் 2 வாரம்: வாரம் 3 நாள், நடை 10 நிமிடம், தசைப் பயிற்சி இல்லை. எல்லா நாளும் வீடியோ அழைப்பில். 3-ஆம் வாரத்திலிருந்து வாரம் 2 நாள் தசைப் பயிற்சி சேருங்கள். நடையை வாரத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் கூட்டிக்கொண்டே போய் 30 நிமிடத்தில் நிறுத்துங்கள். 5-ஆம் வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு நாள் வீடியோ, மற்ற நாள்களில் எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நேரம், வேகம், கனம் இவற்றில் ஒன்று. இரண்டைக் கூட்டிய வாரத்தில் படபடப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் குறைத்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளில் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள்.

8. எப்போது நிறுத்துவது

உடனே நிறுத்தி, உட்கார்ந்து, பிசியோதெரபிஸ்டுக்குச் சொல்ல வேண்டியவை: விலாசம் சொல்ல முடியாத மூச்சிரைப்பு, தலைசுற்றல், நாடி தாறுமாறாக ஓடுவது போன்ற உணர்வு, ஆக்சிஜன் டாக்டர் சொன்ன எல்லைக்குக் கீழே இறங்குவது. 10 நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த பயிற்சிக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியவை: மயங்கி விழுதல், நெஞ்சுவலி, உட்கார்ந்த பின்னும் நிற்காத படபடப்பு, கருவி ஷாக் அடித்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல். கடைசி மூன்றும் பக்கவாதத்தின் அறிகுறிகள். பிறவி இதய நோயுள்ளவர்களுக்கு இளவயதிலும் வரலாம்.

ஒரு தாளில் நோயின் பெயர், ஆபரேஷன், மாத்திரைகள், இயல்பான ஆக்சிஜன் அளவு, டாக்டர் எண் ஆகியவற்றை எழுதி வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸில் வருபவருக்கு உங்கள் 90 இயல்பான எண் என்று தெரியாது. பதற்றத்தில் வீட்டாருக்கும் சொல்ல வராது.

9. வெயில், காய்ச்சல், மாத்திரை

கத்திரி வெயிலில் மொட்டை மாடி வேண்டாம். காலை 7 மணிக்குள், அல்லது ஃபேனுக்குக் கீழே. உடலில் நீர் வற்றினால் ஃபான்டன் ஆனவர்களுக்கு இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். ஆக்சிஜன் குறைந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு ஏற்கெனவே கெட்டியான இரத்தம் இன்னும் கெட்டியாகும். லாசிக்ஸ் போன்ற நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

காய்ச்சல் இருந்தால் பயிற்சி இல்லை. காய்ச்சல் விட்ட அன்றே தொடங்குவதும் வேண்டாம். பழைய தெம்பு வரட்டும். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், கையிலிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுப் பார்க்காமல் இதய டாக்டரிடம் போங்கள். இதய உட்சுவரில் கிருமி தொற்றியிருந்தால், இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் போட்ட மாத்திரை அதை மறைத்துவிடும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவர்களுக்குச் சுவரோரப் பயிற்சிகளே போதும். பலகை மேல் ஏறி இறங்குவதெல்லாம் வேண்டாம்.

எடை 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்தது கிடையாது. நீர் தேங்குகிறது என்று பொருள். பயிற்சியை நிறுத்தி டாக்டரை அழையுங்கள்.

10. நோட்டும், வீட்டாரும்

ஆப் எதுவும் வேண்டாம், கோடு போட்ட நோட்டு போதும். தேதி, முன் அளவு, என்ன செய்தேன், போர்க் எண், பின் அளவு, எப்படி இருந்தது. “எப்படி இருந்தது” என்ற இடத்தில் “நல்லா இருந்தது” என்று தினமும் எழுதுவதால் பயன் இல்லை. “மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் நிற்கவில்லை” என்று எழுதினால் எனக்கு ஏதோ புரியும்.

எண்ணுவதை அம்மாவிடம் விடாதீர்கள். இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஒரு கல்லூரி மாணவிக்கு 4 வாரமாக எந்த முன்னேற்றமும் இல்லை. ஒரு நாள் வீடியோவில் கவனித்தேன். ஏழு வந்ததும் அம்மா “போதும்டி, பத்து ஆச்சு” என்கிறார். சின்ன வயதில் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு மகள் மூச்சு வாங்குவதைப் பார்க்கவே முடியவில்லை. அவரையும் ஒரு அழைப்பில் உட்கார வைத்து, பயிற்சியில் வரும் மூச்சு வாங்கல் எப்படி இருக்கும், எத்தனை நிமிடத்தில் அடங்க வேண்டும் என்று ஆக்சிமீட்டரோடு காட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து எண்ணிக்கையை மகளே பார்த்துக்கொண்டாள். கடிகாரம் அம்மாவிடம் போனது. மூச்சு அடங்கும் நேரத்தை அவர்தான் குறித்தார்.

11. 12 வாரம் முடிந்ததும், நடுவில் விட்டுப் போனாலும்

12-ஆம் வாரம் முடிந்ததும் அதே நாற்காலி, அதே நேரம், அதே மாத்திரையோடு ஒரு நிமிடச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண்ணிக்கை கூடவில்லை, ஆனால் முன்பு 4 நிமிடத்தில் அடங்கிய மூச்சு இப்போது 2 நிமிடத்தில் அடங்குகிறது என்றால் அதுவும் முன்னேற்றம்தான். நோட்டையும் இரண்டு சோதனை எண்களையும் அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோய், விளையாட்டு, கனம் தூக்கும் வேலை, ஜிம் ஆகியவற்றைப் பற்றி அப்போது கேளுங்கள்.

தேர்வு, திருமணம், அறுவடை என்று நடுவில் நின்றுபோவது சகஜம். ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். 2 வாரம் தாண்டினால் நடை நேரத்தைப் பாதியாக்கி, தசைப் பயிற்சியை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ஒரு மாதம் தாண்டினால், அல்லது இடையில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், அல்லது மாத்திரை மாறியிருந்தால், 4-ஆம் படியின் 3 நாள் அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.